நாலு பெயரில் ஒரு கிணறு

உன் கொப்பிகள் மண்ணெண்ணெய் மணக்கின்றன. பதினொன்றையும் மேசையில் விரித்துவைத்து, மின்விசிறியைப் போட்டு மூன்று நாள் காயவிட்டும் மணம் போகவில்லை. ஆளில்லாத வளவுகளில் துருப்பிடித்து இறுகிக் கிடக்கும் கிணற்றுக் கப்பிகளுக்கு விடுவதற்காக ஒரு போத்தல் மண்ணெண்ணெயை மோட்டார் சைக்கிள் பையில் வைத்திருப்பாய். கொப்பியையும் அதே பையில்தான் வைத்திருக்கிறாய். படித்த மனிதன் செய்கிற வேலையா என்று கேட்க இப்போது நீ இல்லை. பங்குனியில் போய்விட்டாய். செத்தவீட்டுக்கு நான் வந்தேன். படலைக்கு வெளியே மதிலோரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

கொப்பிகளைக் கொண்டுவந்தது உன் மனைவி. நாலு வருடமாக எங்கள் படலையைத் தாண்டாதவள் வைகாசியில் ஒரு காலை வந்து, உரப்பையை விறாந்தையில் வைத்துவிட்டு, இருக்கச் சொல்லியும் இருக்காமல் நின்றாள்.

"அண்ணை, இது அவர் கிணறு கிணறாத் திரிஞ்சு எழுதினது. தண்ணி கொண்டு வாற பவுசர் ஓடுற வழியை மாத்தப் போகினமாம். எந்தக் கிணத்தில குடிக்கலாம், எதில ஏலாது எண்டு பட்டியல் கேக்கினம். நீங்கள்தான் கொம்பியூட்டரில ஏத்தித் தரவேணும்."

ஏன் நான் என்று கேட்டேன்.

"ஊரில வேற ஆர் இருக்கினம்? கோவம் இருந்தால் அது உங்களோடை இருக்கட்டும். கொப்பி என்ன செய்தது?"

வாங்கி வைத்தேன். அவளுக்கு உதவும் எண்ணத்தில் வாங்கியதாக இப்போதும் சொல்லமாட்டேன். உன்னைப் பொய்யில் பிடிக்கத்தான் வாங்கினேன்.

எதற்காகப் பிடிக்கவேண்டும் என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதிவைக்கிறேன். நாலு வருடத்துக்கு முன், வாசிகசாலையில் கூட்டம். கோடையில் குடிதண்ணீருக்கு ஊரில் ஒரு கிணற்றைத் தெரிந்து, அதிலிருந்து குழாய் போட்டுப் பொதுத் தொட்டியை நிரப்புவதாகத் திட்டம். தண்ணீர்ப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் உன்னை எழுப்பிக் கேட்டார்கள். நீ ஒரு தாளை விரித்து வாசித்தாய். கிணற்றுக்கு ஒரு வரி. எங்கள் கிணற்றுக்கு நேரே 'குடிக்க ஏலாது' என்றாய். கோயிலுக்குத் தெற்கே இருக்கும் கிணற்றுக்கு 'நல்லது' என்றாய். தெற்குக் கிணற்றில் உன் மனைவிக்குப் பங்கு உண்டு. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு எழுதும் சீதன உறுதியில் வீடும் காணியும் மட்டுமா வரும்? கிணற்றிலே பங்கும் அதற்குப் போகிற வழியும் சேர்ந்துதானே வரும்.

என் அப்பாவின் காலத்தில் எங்கள் ஊர் சரவணை முழுவதும் குடம் கொண்டுவந்த கிணறு எங்களுடையது. நான் எழும்பினேன். நாற்பது பேர் இருந்தார்கள்.

"சீதனக் கிணத்துக்குப் பேர் வாங்கிக் குடுக்கிறதுக்கு எங்கட கிணத்தை ஏனடா பழுதாக்கிறாய்?"

யாரோ பின்னால் சிரித்தார்கள். நீ தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாய். "கொப்பி கிடக்கு. வந்து பார்" என்றாய். நான் வரவில்லை. அதன்பிறகு நாம் பேசவுமில்லை.

இப்போது கொப்பியே என் வீட்டுக்கு வந்துவிட்டது. நீ பொய் எழுதியிருந்தால் அதில் தெரியும். பொய் இல்லையென்றால் நாற்பது பேருக்கு முன் நான் சொன்னது என் தலையில் விழும். இரண்டில் ஒன்று.

வேலையைத் தொடங்கினேன். எவரும் இணையத்தில் திறந்து பார்க்கக்கூடிய சிறிய பக்கம். ஒரு கிணற்றைத் தொட்டால் அதன் உப்பளவு திகதிவாரியாக வரவேண்டும். டைப்ஸ்கிரிப்டில் எழுதினேன். எந்த இடத்தில் எண் வரும், எந்த இடத்தில் சொல் வரும், எது வெறுமையாக இருக்கலாம், எது கூடாது என்று முதலே சொல்லிவைக்க வேண்டிய மொழி. மாறி வைத்தால் ஓடவிடுவதற்கு முன்பே சிவப்புக் கோடு போடும். எனக்குப் பிடித்த குணம். மனிதரில் அதைக் காண்பது அரிது. தரவுத்தளத்துக்கு எஸ்கியூலைட். தனியாக ஒரு சேவையகம் வேண்டாம், அதைக் காவல்காக்க ஆளும் வேண்டாம். எல்லாக் கிணறும் எல்லா அளவும் ஒரே கோப்பில் இருக்கும். உன் மகள் கேட்டால் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடலாம். கொழும்பில் நான் இருபத்திரண்டு வருடம் உழைத்த கம்பனியில் ஒருமுறை இதைச் சொன்னபோது சிரித்தார்கள். எனக்குப் பிறகு சேர்ந்தவனை எனக்கு மேலே தூக்கி வைத்தவர்கள் அவர்கள். அவர்கள் சிரித்தது ஒன்றே அது நல்ல தெரிவு என்பதற்குப் போதும்.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். அட்டவணைகளை உண்டாக்கினேன், நாலைந்து கிணறுகளைப் பதிந்தேன், எல்லாம் சரியாக இருந்தது. பக்கத்தை ஓடவிட்டால் 'அப்படி ஓர் அட்டவணை இல்லை' என்று வருகிறது. கோப்பைத் திறந்து பார்த்தால் அட்டவணை இருக்கிறது. மறுபடி ஓடவிட்டால் இல்லை. காலை எட்டு மணிக்கு இருந்தவன் மத்தியானம்வரை எழும்பவில்லை. இணைக்கும் நூலகத்தின் பதிப்பு பிழை என்றேன். அதை எழுதியவனைத் திட்டினேன். கணினி பழையது என்றேன், அதை எனக்கு அனுப்பிய கனடாத் தம்பியைத் திட்டினேன். கடைசியில் பார்த்தால், கோப்பு எங்கே இருக்கிறது என்பதை நான் முழுமையாக எழுதவில்லை. பெயரை மட்டும் எழுதியிருந்தேன். நான் எந்த அடைவில், அதாவது எந்த ஃபோல்டரில், நின்று ஓடவிடுகிறேனோ அந்த அடைவில்தான் அது தேடும். தேடிய இடத்தில் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லாது. அதே பெயரில் வெறுங்கோப்பு ஒன்றைத் தானே உண்டாக்கிவிட்டுச் சும்மா இருக்கும். ஒரே பெயரில் இரண்டு கோப்பு. ஒன்றில் கிணறுகள், மற்றதில் ஒன்றுமில்லை. முழு வழியையும் எழுதி, கோப்பு இல்லாவிட்டால் உண்டாக்காதே, நில் என்று கட்டளை போட்டபிறகு சரிவந்தது. பிழை என் பக்கம் இருக்கலாம் என்பது எனக்கு எப்போதும் கடைசியாகத்தான் தோன்றும். நீ இதைப் பத்தாம் வகுப்பிலேயே சொன்னாய். கணித வினாத்தாளில் கேள்வி பிழை என்று நான் அடம்பிடித்து நின்ற அன்று.

பிறகு உன் எழுத்து. எண் இருக்கவேண்டிய இடத்தில் எண் இருந்தால் அல்லவா? உப்பை அளக்கப் பேனை மாதிரி ஒரு கருவி வைத்திருந்தாய், பேனை என்றே அதைச் சொல்வாய். அதன் மின்கலம் முடிந்த நாட்களில் அந்த இடத்தில் 'நாக்குக்கு நல்லம்' என்று எழுதியிருக்கிறாய். ஓர் இடத்தில் 'பூனைகூடக் குடியாது.' நான் மொழியிடம் அது எண் என்று சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். மொழி நம்பியது. கோப்போ எதைக் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொண்டது. மொழிக்கு இருக்கிற கண்டிப்பு கோப்புக்கு இல்லை என்பதை மறந்துவிட்டேன். பூனையையும் சேர்த்துச் சராசரி கேட்டபோதுதான் குழம்பியது. அட்டவணைக்கும் கண்டிப்பு வைத்து, எண் நிரலுக்குப் பக்கத்தில் உன் நாக்குக்கென்று தனியாக ஒரு நிரலை ஒதுக்கினேன். அழிக்கவில்லை. முதல் நாக்கு, பிறகுதான் பேனை என்பது உன் ஒழுங்கு. பேனை பிழைத்தாலும் நீ பிழைத்ததாக ஒருவரும் சொன்னதில்லை, என்னைத் தவிர.

இரண்டாம் கிழமை எங்கள் கிணறு வந்தது. அப்பாவின் பெயரில் ஐந்து வரிகள். முதல் இரண்டும் அப்பா இருந்த காலத்தவை. நல்ல தண்ணீர், அதுவும் மிக நல்ல தண்ணீர். பின் மூன்றும் கூடாது. இவ்வளவுதானா என்று இருந்தது. ஐந்து அளவில் இரண்டு நல்லது, அப்படியிருந்தும் தாளில் ஏலாது என்று வாசித்திருக்கிறாய். பிடிபட்டாய் என்று நினைத்தேன். அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன், அதையும் சொல்லவேண்டும்.

அதே கையோடு தெற்குக் கிணற்றைத் தேடினேன். உன் மாமனாரின் பெயரில் இருந்தது. பதினொரு கொப்பியிலும் வருகிறது. ஆனால் அந்த வரிகளில் உன் கையெழுத்து இல்லை. 'இது என் பக்கத்துக் கிணறு, அளந்தது வேறு ஆள்' என்று முதல் கொப்பியில் ஒருமுறை எழுதியிருக்கிறாய். பிறகு ஒவ்வொரு வரியிலும் வெவ்வேறு கையெழுத்து. பூசகர், கடைக்காரர், சங்கக் கடை மனேச்சர், ஒருமுறை வழியில் போன தபால்காரர். பேனையை அவர்களின் கையில் கொடுத்துவிட்டு நீ தள்ளி நின்றிருக்கிறாய். பதினொரு வருடமாக. சாப்பிட்டது ருசிக்காமல் போனது அதன் பிறகுதான்.

இருந்தாலும் எங்கள் கிணற்றுக் கணக்கு மிச்சம் இருந்தது. அதை விட என்னால் ஏலவில்லை. நம் ஊரில் மட்டும் நீ அளந்தது அறுபதுக்கு மேற்பட்ட கிணறுகள் என்று பட்டியல் சொல்கிறது. நம் ஊரில் அவ்வளவு கிணறு ஏது? கிணற்றுக்கு ஒரு உரிமையாளர் என்று நான் எழுதிவைத்திருந்தேன். ஒரு சொல், வெறுமையாக இருக்கக்கூடாது. இருபத்திரண்டு வருடம் அந்நியருக்கு வேலை செய்ததில் சொந்த ஊர் வழக்கமே மறந்துபோயிற்று. எங்கள் கிணறுகளுக்கு ஒரு உரிமையாளர் எங்கே இருக்கிறார்? அரைப் பங்கு, காற் பங்கு, அரைக்கால் பங்கு என்று உறுதிக்கு உறுதி பிரிந்துதானே கிடக்கின்றன.

அப்போதுதான் குறிகட்டுவான் படகுத்துறையில் நீ சொன்னது ஞாபகம் வந்தது. நயினாதீவில் சில கிணறுகளை அளக்கவென்று என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாய். ஊருக்கு நான் திரும்பிவந்த முதல் வருடம். படகு வரச் சுணங்கியது. உன் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, இதென்ன, ஒரு கிணற்றையே ஒரு மாதம் ஒருத்தர் பெயரிலும் மற்ற மாதம் இன்னொருத்தர் பெயரிலும் எழுதிவைத்திருக்கிறாய், இலக்கம் போடத் தெரியாதா என்று கேட்டேன். நீ வறுத்த கடலைச் சரையை என் பக்கம் நீட்டினாய்.

"எந்த ஒழுங்கையால போறனோ, அந்தப் படலையைத் திறந்து விடுறவையின்ரை பேர்தான் எழுதவேணும் மச்சான். தண்ணி அள்ளித் தந்தவையை விட்டிட்டு இலக்கம் எழுதினால் அடுத்த முறை படலை திறக்குமே?"

அது மரியாதை, விஞ்ஞானம் இல்லை என்றேன். ஓம் என்றாய். படகு வந்துவிட்டது.

ஆகவே எங்கள் கிணறு அந்த ஐந்து வரியோடு முடியவில்லை. அட்டவணையை உடைத்து மூன்றாக்கினேன். கிணறு ஒன்று, அளவு ஒன்று, நடுவில் பங்கு. எங்கள் கிணற்றுக்கு நாலு பங்கு. அப்பா, சித்தப்பா, கிழக்கு வளவு அக்கா, வீட்டைப் பூட்டிவிட்டு லண்டனில் இருக்கும் குடும்பம். நாலு பெயரையும் ஒரே கிணற்றில் கட்டினேன். திகதிப்படி அடுக்கச் சொல்லி ஒரு வரி எழுதி ஓடவிட்டேன்.

ஐந்து வரி ஐம்பத்துமூன்றாக வந்தது.

கூட்டத்துக்குப் பிறகும் நீ வந்திருக்கிறாய். என் படலையால் அல்ல, ஒரு மாதம் அக்காவின் ஒழுங்கையால், மறுமாதம் சித்தப்பாவின் ஒழுங்கையால். என் பேச்சைக் கேட்டபிறகும், பேசாமலிருந்த அந்த நாலு வருடத்திலும், மாதத்துக்கு ஒருமுறை என் கிணற்றுக் கட்டில் குனிந்து நின்றிருக்கிறாய். ஊரில் வேறெந்தக் கிணற்றையும் இத்தனை முறை அளக்கவில்லை. சில வரிகளின் ஓரத்தில் சின்னதாக 'மோ' என்று ஓர் எழுத்து. முதலில் விளங்கவில்லை. எண்களைப் பார்த்ததும் விளங்கியது, மோட்டர் ஓடிய மாதம். 'மோ' இருக்கிற வரியெல்லாம் சவர், உப்புத் தண்ணீர். இல்லாதது எல்லாம் நல்லது, இல்லாவிட்டால் நல்லதை நோக்கித் திரும்புகிறது. கண் ஒப்பரேசனுக்கு நான் கொழும்பில் கிடந்த இரண்டு மாதமும் 'மோ' இல்லை, உப்பு இறங்கியிருக்கிறது. மோட்டர் எரிந்து, திருத்த ஆள் கிடைக்காமல் விட்ட மாதமும் அப்படியே. நான் திரும்பிவந்து மாதுளைத் தோட்டம் வைத்து, இரண்டு அங்குல மோட்டரைப் பூட்டிய வருடத்துக்கு முன், ஒரு வரிகூடச் சவர் இல்லை.

அந்தந்தப் பெயரின் கீழே தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இங்கே இரண்டு நல்லது, அங்கே மூன்று கூடாது, அவ்வளவுதான். நாலையும் ஒன்றாகக் கட்டினால், என் அப்பாவின் கிணற்றைச் சவராக்கியது நான் என்று தெளிவாக நிற்கிறது. நல்ல தண்ணீர் மேலே மெல்லிய படலமாகத்தான் கிடக்கிறது, இழுக்க இழுக்கக் கீழே இருந்து கடல் ஏறும் என்பது இந்தத் தீவில் எவருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். மற்றவர்களின் மோட்டரைப் பற்றி நானே சொல்லியிருக்கிறேன்.

உனக்கு அன்றே தெரிந்திருக்கிறது. கூட்டத்துக்கு ஆறு மாதம் முந்திய வரிகளிலேயே 'மோ' இருக்கிறது. சீதனம் என்று நான் சொன்னபோது, ஒரே வசனத்தில் என்னை இருத்தியிருக்கலாம்.

பட்டியலை முடித்து உன் மனைவியிடம் காட்டினேன். கிணற்றுக்குக் கிணறு குறிப்பு என்று ஒரு பகுதி வைத்திருந்தேன். எங்கள் கிணற்றுக்கு நேரே, மாதுளைத் தோட்டத்து மோட்டர் ஓடும் மாதங்களில் சவர் என்றும் மோட்டர் யாருடையது என்றும் எழுதியிருந்தேன். அவள் திரையில் விரலை வைத்து இரண்டு முறை வாசித்தாள்.

"பேரைப் போடாதேங்கோ அண்ணை. அவரும் போடேல்லைத்தானே."

"அவர் போட்டிருக்க வேணும் தங்கச்சி" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். கிணறு கெட்டதற்கு நான் காரணம். நாலு வருடம் கெட்டுக்கொண்டே இருந்ததற்கு நீயும் ஒரு காரணம். நாற்பது பேருக்கு முன் என்னை வெட்கப்படுத்தாமல் விட்டாய் என்கிறாள் அவள். இருக்கலாம். ஆனால் கூட்டம் கலைந்து ஒழுங்கை முடக்கில் நீயும் நானும் மட்டும் நின்றோமே, நீ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தாய், அது பிடிக்கவில்லை, அரை நிமிடம் இருக்கும். அப்போது சொல்லியிருக்கலாம். நான் கேட்டிருக்கமாட்டேன் என்பது வேறு விஷயம். இந்தக் கோபம் ஒன்று எனக்கு உன்னோடு இன்னும் இருக்கிறது. மற்றது முடிந்துவிட்டது.

பெயரைப் போட்டுத்தான் ஏற்றினேன். அடுத்த கூட்டத்தில் எழும்பி, நாலு வருடத்துக்கு முன் இதே இடத்தில் நான் சொன்னது பொய் என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். சிலர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் மட்டும், "அதை ஆள் உயிரோடை இருக்கேக்க சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. கதிரையில் இருந்துவிட்டேன். மோட்டரைக் கழற்றி அரை அங்குலம் பூட்டியிருக்கிறேன். மாதுளையில் பாதி காய்ந்துவிட்டது. தண்ணீர் இன்னும் திரும்பவில்லை. இரண்டு மாரி எடுக்கும் என்று உன் கொப்பியை வைத்துக் கணிக்கிறேன்.

கொப்பி நின்றுபோனால் பட்டியலும் பழசாகிவிடும். அதனால் சனிக்கிழமைகளில் உன் பேனையை எடுத்துக்கொண்டு போகிறேன். போன கிழமை மண்டைதீவு. கரையோரம் நீ அளந்த கிணறுகள் மூன்று இருக்கின்றன. ஒரு வீட்டில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த பெண் என்னைக் கண்டு படலையைத் திறக்காமலே கேட்டாள்.

"பேனைக்காரர் வரேல்லையோ?"

அவர் மோசம் போய்விட்டார், இனி இல்லை என்றேன். அவள் வலையைக் கீழே வைத்தாள். எப்போது, எப்படி, பிள்ளைகள் எத்தனை என்றெல்லாம் கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். பிறகு படலையைத் திறந்து, கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு வாளி அள்ளி என் முன்னால் வைத்தாள். நான் குனிந்து பேனையைத் தண்ணீரில் விட்டேன்.

"நீங்கள் அவரின்ரை சிநேகிதரோ?"

எண் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓம்" என்றேன்.

அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். நான் சொன்ன அந்த ஓம் சரியா பிழையா என்று சொல்ல உரிமை உள்ளவன் நீ ஒருவன்தான். நீ சொல்லமாட்டாய். உயிரோடு இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாய்.